விரல் துடிக்கும் இகுவானா

கேள்வி: என் மகன் சென்னையில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி வகையின் குட்டி வாங்கி வந்தான். அவன் படிக்கக் கோவை போய்விட்டதால் எட்டு மாதமாக அது என் பொறுப்பு. கடையில் கொடுத்த இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் கடல் மணல் பரப்பி, மேலே 100 வாட் குண்டு பல்பு போட்டு வைத்திருக்கிறேன். முட்டைகோஸ், வெள்ளரிக்காய், வாழைப்பழம், அவித்த முட்டை கொடுக்கிறோம். சில நாள் மீனும் உண்டு. இரண்டு வாரமாக முன்னங்கால் விரல்கள் தானாகத் துடிக்கின்றன. கீழ்த்தாடை வீங்கினாற்போல் இருக்கிறது. அடிக்கடி தும்முகிறது, மூக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது. சளி பிடித்திருக்கிறதா? வீட்டில் எல்லோரும் இதைக் கடற்கரைப் பக்கம் விட்டுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தும்மலை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் நோயே இல்லை. இகுவானாவின் மூக்குக்குள் உப்புச் சுரப்பி இருக்கிறது. உடம்பில் மிஞ்சும் சோடியம், பொட்டாசியம் உப்புகளைச் சிறுநீரில் கரைத்துத் தண்ணீரை வீணாக்காமல், மூக்கு வழியே தும்மி வெளியேற்றுகிறது. அது காய்ந்ததும் வெள்ளைப் பொடியாக ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மூக்கில் கோழை வடிந்தாலோ, குமிழி விட்டாலோ, வாயைத் திறந்து வைத்துக்கொண்டே மூச்சு வாங்கினாலோதான் சளி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கவலை விரல் துடிப்பிலும் தாடை வீக்கத்திலும் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் அது கால்சியம் பற்றாக்குறையால் வரும் எலும்பு நோய்தான். சாப்பாட்டில் கால்சியம் குறைந்து, வெயிலும் படாமல் போகும்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உடனே துணைத் தைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்கு அனுப்பும். எலும்பு காலியான இடத்தில் நார்த்திசு வளர்ந்து நிரப்பும். தாடை தடித்துத் தெரிவது அதனால்தான். தொடைகளையும் பாருங்கள், கொழுகொழுவென்று இருந்தால் நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், அதுவும் இதே வீக்கமாக இருக்கலாம். விரல் துடிக்கத் தொடங்கிவிட்டது என்றால் எலும்பிலிருந்து எடுத்தும் போதாமல் ரத்தத்திலேயே கால்சியம் குறைந்துவிட்டது என்று பொருள். அடுத்து பின்னங்கால் இழுக்கும், பிறகு வலிப்பு வரும். இந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். வலிப்பு வந்துவிட்டால் அன்றைக்கே.

திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, மதுரையில் பறவை, ஊர்வன பார்க்கும் தனியார் கால்நடை மருத்துவர் ஒருவரிடமோ கொண்டுபோகலாம். கிளம்பும் முன் போன் செய்து, இகுவானாவுக்கு எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சமையலறைத் தராசில் எடை போட்டுக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு மாதச் சாப்பாட்டுப் பட்டியல், தொட்டியின் போட்டோ, அன்றைய எச்சம் ஒரு சின்ன டப்பாவில் என்று எல்லாம் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். எச்சத்தில் குடல்புழு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே கிளம்பி, பழைய பருத்தித் தலையணை உறைக்குள் விட்டு உறையின் வாயைக் கட்டி, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். நின்றிருக்கும் காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கால்சியம் சிரப்பை மருத்துவர் எடைக்குத் தக்கபடி கணக்கிட்டுக் கொடுப்பார். துடிப்பு கடுமையாக இருந்தால் ஊசியாகவும் போடுவார். மருந்துக் கடையில் நமக்கு விற்கும் கால்சியம் டானிக்கை நீங்களாகவே வாங்கி ஊற்றாதீர்கள். அதில் பாஸ்பரஸும் வைட்டமின் டி3-யும் சேர்ந்திருக்கலாம். டி3 அளவு மீறினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும். சிகிச்சை ஒழுங்காக நடந்தால் துடிப்பு சில நாளில் நிற்கும். எலும்பு இறுகப் பல மாதம் ஆகும். தாடையின் வடிவம் முழுவதும் பழையபடி திரும்பாமல் போகலாம், ஆனால் அதோடு பல வருடம் நன்றாக வாழும்.

அதுவரை வீட்டில் அதை யாரும் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். இந்த நிலையில் ஓரடி உயரத்திலிருந்து விழுந்தாலே தொடை எலும்பு உடையும். தொட்டியில் கிளை இருந்தால் எடுத்துவிட்டு, மடித்த துண்டு விரித்த தாழ்வான பெட்டியில் வையுங்கள். கீரையைப் பொடிப்பொடியாக அரிந்து வாய்க்கு எட்டும் தூரத்தில் வைத்தால் போதும், மென்மையாகிவிட்ட தாடையால் இலையைக் கிழித்துத் தின்ன முடியாது. சாப்பிடவில்லையே என்று வாயைப் பிளந்து ஊட்டினால் தாடை கையோடு விலகிவிடும்.

இந்த நோய் வந்ததற்கு வெயில் இல்லாததே பெரிய காரணம். வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயில் அடிக்கும் கீழக்கரையில் ஒரு பிராணி வெயில் இல்லாமல் நோயாகிறது என்றால், குற்றம் அந்தக் கண்ணாடித் தொட்டி மேல்தான். வெயிலில் இருக்கும் யுவி-பி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் இகுவானா உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். வாய்வழி டி3 இந்த இனத்துக்குச் சரியாகப் பயன்படுவதில்லை. ஜன்னல் கண்ணாடியும் தொட்டிக் கண்ணாடியும் யுவி-பி-யைத் தடுத்துவிடும். உங்கள் 100 வாட் பல்பு தருவது சூடு மட்டுமே.

மருத்துவர் பார்த்த பிறகு, தினமும் காலை எட்டிலிருந்து ஒன்பதரை மணிக்குள் அரை மணி நேரமாவது நேர் வெயில் காட்டுங்கள். கம்பிவலைக் கூண்டு இல்லாவிட்டால், மார்க்கெட்டில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்து மேலே செங்கல் வைத்தாலே இப்போதைக்குப் போதும். கிரேட்டில் பாதிக்கு ஈரச் சாக்குப் போட்டு நிழல் கொடுக்க வேண்டும், இதை மறக்கவே கூடாது. இகுவானாவுக்கு வேர்க்காது. சூடு தாங்காவிட்டால் நிழலுக்கு நகர்வது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. நிழல் இல்லாத கூண்டில், அதைவிட மோசமாகக் கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால், சில நிமிடத்தில் உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி உயிர் போய்விடும். வாயைப் பிளந்து மூச்சிரைத்தால் உடனே நிழலுக்கு எடுத்துவிடுங்கள். காக்கை, பருந்து, பூனை மூன்றுக்கும் இது இரை என்பதால் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களுக்கு ஊர்வனவற்றுக்கான யுவி-பி குழல் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளிச்சம் குறையாமல் தெரிந்தாலும் யுவி-பி தீர்ந்திருக்கும்.

சூட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கூண்டில் ஒரு முனை 35 முதல் 38 டிகிரி செல்சியஸ், மறுமுனை 27 முதல் 29, இரவில் 24 வரை இறங்கலாம். சித்திரையில் உங்கள் வீட்டு அறைச் சூடே 34-ஐத் தொடும். அதன் மேல் 100 வாட் பல்பும் எரிந்தால் இரண்டடித் தொட்டியில் குளிர்ந்த முனை என்று ஒன்று இருக்கவே இருக்காது. உணர்முனைக் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி இரு முனையிலும் வைத்துவிட்டு, பல்பு தேவையா என்று அதைக் கேளுங்கள். பங்குனி முதல் புரட்டாசி வரை பகலில் பெரும்பாலும் தேவைப்படாது. தொட்டியோடு சேர்த்து விற்கும் ‘சூடு கல்’ எந்த மாதத்திலும் வேண்டாம், வயிற்றைச் சுட்டுவிடும்.

மணலை இன்றைக்கே அள்ளிக் கொட்டுங்கள். கால்சியம் பற்றாத பிராணி மணலையும் சிப்பித் துண்டையும் நக்கித் தின்னும், குடல் அடைத்துக்கொள்ளும். பழைய நாளிதழ் போதும். தினமும் மாற்றலாம், எச்சம் எப்படி இருக்கிறது என்றும் தெரியும்.

இனி சாப்பாடு. பச்சை இகுவானா முழுக்க முழுக்க இலை தின்னி. உடும்பு மாதிரி இருக்கிறதே என்று நம் ஆட்கள் முட்டையும் மீனும் கொடுத்துவிடுகிறார்கள். உடும்பு ஊன் தின்பது. இதன் குடலோ இலையை நொதிக்க வைத்துச் செரிப்பதற்காக அமைந்தது. புலால் புரதம் தொடர்ந்து போனால் யூரிக் அமிலம் ஏறிச் சிறுநீரகம் கெடும், மூட்டில் உப்பு படியும். இது வெளியே தெரியவே சில வருடம் ஆகும், தெரியும்போது செய்வதற்கு அதிகம் இருக்காது. முட்டை, மீன், கருவாடு, பூச்சி எதுவும் இனி வேண்டாம். வாழைப்பழத்தில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. வெள்ளரியில் தண்ணீரைத் தவிர அதிகமில்லை. முட்டைகோஸ் தினமும் கொடுத்தால் தைராய்டைப் பாதிக்கும்.

நீங்கள் கடைக்கு அலைய வேண்டாம், தேவையானது உங்கள் தெருவிலேயே இருக்கிறது. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் அன்றாடச் சாப்பாட்டின் அடித்தளம். இரண்டிலும் கால்சியம் தாராளம். செம்பருத்தி இலையையும் பூவையும் ஆசையாகத் தின்னும். மல்பெரி இலை கிடைத்தால் மிக நல்லது. அவரைக்காய், பீன்ஸ், கோவைக்காய், துருவிய மஞ்சள் பூசணி இவற்றில் ஒன்றிரண்டைச் சேர்க்கலாம். பத்துப் பங்கு சாப்பாட்டில் எட்டுப் பங்கு இலை, ஒன்றரைப் பங்கு காய், மீதி அரைப் பங்கு பப்பாளியோ மாம்பழமோ. பசலை, தண்டுக்கீரை, அரைக்கீரை, புளிச்சக்கீரை ஆகியவற்றில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். எப்போதாவது ஒரு பிடி போனால் குற்றமில்லை, தினமும் கூடாது. அரளி, எருக்கு, ஆமணக்கு, நித்தியகல்யாணி, காட்டாமணக்கு எதுவும் அதன் வாய்க்கு எட்டக்கூடாது. கடைக் கீரை என்றால் மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். காலையில் வெயில் காய்ந்து உடம்பு சூடேறிய பிறகு கொடுத்தால்தான் செரிக்கும். மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வரும்.

இலைமேல் தூவக் கால்சியம் கார்பனேட் பொடி வேண்டும். பாஸ்பரஸ் கலக்காததாக இருக்கட்டும். கடையில் வாங்கலாம். ஆனால் உங்கள் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு அதே பொருள்தான். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் அதுவே. வெள்ளையாக, உடையாமல், நாற்றமில்லாமல் இருப்பதாகப் பொறுக்குங்கள். தார்க் கறை பட்டது வேண்டாம். நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறப் போட்டு, தினம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். கடைசித் தண்ணீரை நாக்கில் தொட்டால் உப்புக் கரிக்கக்கூடாது. பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கெட்டியான முதுகுத் தகட்டை விட்டுவிட்டு மறுபக்கத்து மெதுவான பகுதியை மட்டும் கத்தியால் சுரண்டினால் மாவு போல் உதிரும். சலித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக் கீரைக்கு ஒரு சிட்டிகை. ஈரக் கீரையில் பிசிறினால் ஒட்டும். வளரும் வயதில் வாரம் ஐந்து நாள் போதும். இதனால் இப்போதுள்ள நோய் தீராது. மருத்துவர் தரும் சிரப் நின்ற பிறகு தொடர்வதற்காகச் சொல்கிறேன்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைக் குடிக்க வைக்காதீர்கள். நீங்கள் குடிக்கும் காவிரித் தண்ணீரையே வையுங்கள். துடிப்பு அடங்கிய பிறகு வாரம் மூன்று நாள் வெதுவெதுப்பான தண்ணீரில், தோள் மட்டத்துக்குமேல் போகாமல், கால் மணி நேரம் உட்கார வைத்தால் குடிக்கும், மலம் கழிக்கும், தோலும் சுலபமாக உரியும். வறண்ட மேல்காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தோல் உரியாமல் விரலிலும் வால் நுனியிலும் வளையமாக நின்றுவிடும். அது இறுகினால் ரத்தம் போகாமல் அந்த நுனி கறுத்து விழும். குளிக்க வைத்த பிறகு விரல் விரலாகப் பாருங்கள். குளிக்க வைத்த தொட்டியைச் சமையலறையில் கழுவ வேண்டாம். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளியே வையுங்கள்.

அதன் தலை உச்சியில் நடுவாக, மற்றவற்றைவிட வெளிறிய வட்டச் செதில் ஒன்று தெரியும், பார்த்திருக்கிறீர்களா? அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்து வருகிறது என்றுதான் தோன்றும், வாலால் விளாசும். பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியும்படி கையைக் கொண்டுபோய் வயிற்றுக்கடியில் ஏந்துங்கள். வாலைப் பிடித்தால் வால் கையில் வந்துவிடும்; திரும்ப முளைக்கும், ஆனால் கட்டையாக, நிறம் மங்கி. தலையை மேலும் கீழும் ஆட்டி, கழுத்துத் தொங்கல் தோலை விரித்தால் இது என் இடம் என்று சொல்கிறது. காலைக் குளிருக்குக் கறுத்திருக்கும் உடம்பு வெயிலில் பத்து நிமிடத்தில் வெளிறிப் பச்சையாவதை நின்று பாருங்கள். நாய் போலக் கொஞ்சிக் குழையும் பிராணி இல்லை இது. இப்படிப் பார்த்து ரசிக்க வேண்டியது. ஆணாக இருந்தால் இரண்டு மூன்று வயதில் இனப்பெருக்கக் காலத்தில் உடம்பு செம்மஞ்சளாகி முரட்டுத்தனம் வரும், கடித்தால் தையல் போட வேண்டியிருக்கும். பெண்ணாக இருந்தால் ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். தோண்ட ஓரடி ஆழத்துக்கு ஈர மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளே தங்கிச் செத்துப்போகவும் கூடும்.

இது வால் நுனிவரை ஐந்து, ஆறு அடி வளரும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம் வாழும். அப்போது ஆறடி உயரம், ஆறடி நீளம், மூன்றடி அகலத்தில் கூண்டு வேண்டும். உப்புக் காற்றுக்குச் சாதாரண ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை இரண்டு வருடத்தில் துருப்பிடித்து முள்முள்ளாக நிற்கும். அலுமினியச் சட்டத்தில் பிவிசி பூசிய அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள். மூக்கை வலையில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும், ஆகவே அடியிலிருந்து ஓரடிக்குப் பிவிசி ஷீட். உள்ளே அதன் உடம்புத் தடிமனுக்குப் பூவரசங்கிளையோ வேப்பங்கிளையோ சாய்வாகக் கட்டி, கூண்டின் பாதிக்குப் பனையோலை வேய்ந்தால் மாடியிலேயே வைக்கலாம்.

கடைசியாக, விட்டுவிடுவது பற்றி. செய்யவே செய்யாதீர்கள். முதலாவது, தாடை வலுவில்லாத பிராணி நாய்க்கும் காக்கைக்கும் அன்றைக்கே இரையாகும். பிழைத்துக்கொண்டால் அது இன்னும் மோசம். மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரைதான் இதன் சொந்த இடம். வளர்த்து விடப்பட்டவை பெருகி ஃபுளோரிடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் தைவானிலும் கட்டுக்கு அடங்காமல் போயின. ஃபுளோரிடாவிலாவது கடுங்குளிர் வந்தால் விறைத்து மரத்திலிருந்து விழுகின்றன. நம் கடற்கரையில் அந்தக் குளிரும் கிடையாது, முட்டை வைக்க மணலுக்கும் பஞ்சமில்லை. ஒரு பெண் ஒரே ஈட்டில் சில டஜன் முட்டை வைக்கும். கடல் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். 1995-இல் கரீபியனில் புயல் சாய்த்த மரங்களைத் தெப்பமாக்கிக்கொண்டு பச்சை இகுவானாக்கள் அங்குவில்லா தீவில் கரையேறின. உங்கள் கரைக்கு எதிரே அப்பாதீவும் வாலைத்தீவும் முல்லித்தீவும் இருக்கின்றன. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் சேர்ந்தவை அவை.

சட்டமும் இருக்கிறது. பச்சை இகுவானா, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தையொட்டி 2024-இல் வந்த விதிகளின்படி, இத்தகைய உயிரினம் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது. கடை ரசீதோ, மகன் பணம் அனுப்பிய போன் பதிவோ இருந்தால் எடுத்துக்கொண்டு, ராமநாதபுரத்தில் உள்ள வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நீங்களே போய்ச் சொல்லி வழி கேளுங்கள். யாராவது பார்த்து உடும்பு வளர்க்கிறார்கள் என்று புகார் கொடுத்த பிறகு விளக்குவதைவிட அது மேல். உடும்பு அதே சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வளர்ப்பதே குற்றம். பின்னால் வேறொருவருக்குக் கொடுப்பதென்றாலும் பதிவு இருந்தால்தான் முறையாக மாற்றிக் கொடுக்க முடியும். உயிரியல் பூங்கா வாங்கிக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம். மாடியில் கூண்டுக்கு இடமும் மகனுக்கு அக்கறையும் உண்டா என்று அவன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது பேசி முடிவெடுங்கள். நெல்லைக்குப் போவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.